செயின்ட் ஜார்ஜில் இரண்டு நாள்: ஸயானா, ஸ்னோ கேன்யனா?

பயணப்பெட்டி:
வணக்கம். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். மார்ச் கடைசி வாரம் அவர்களையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு யூட்டாவில் செயின்ட் ஜார்ஜ் போகிறோம். வேகாஸில் இறங்கி வாடகைக் கார். முழுதாக இரண்டு நாள்தான் கிடைக்கும். அப்பாவுக்கு முழங்கால் வலி, மெதுவாக ஒரு மைல் நடப்பார். சின்னவளுக்கு ஐந்து வயது. எல்லாரும் ஸயான் தேசியப் பூங்காவைச் சொல்கிறார்கள். ஊருக்குப் பக்கத்திலேயே ஸ்னோ கேன்யன் என்று ஒரு ஸ்டேட் பார்க்கும் இருக்கிறதாம். எதற்கு நேரம் ஒதுக்கலாம்?

கள்ளிநிழல்:
இரண்டு நாளையும் செயின்ட் ஜார்ஜைச் சுற்றியே வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் கடைசி என்றால் பள்ளி விடுமுறைக் காலம். ஸயானில் விடிந்து கொஞ்ச நேரத்திலேயே பார்க்கிங் நிரம்பிவிடும். பள்ளத்தாக்குச் சாலையில் உங்கள் காரை விடமாட்டார்கள், ஷட்டில் பஸ்ஸுக்கு வரிசையில் நிற்க வேண்டும். முழங்கால் வலிக்காரருக்கு நடப்பதைவிட நிற்பதுதான் கொடுமை.

ஸ்னோ கேன்யனில் சாலையே பள்ளத்தாக்கின் நடுவே போகிறது. காரை நிறுத்தி இறங்கினால் பாறை. 'பெட்ரிஃபைட் டியூன்ஸ்' என்ற இடத்துக்குக் கட்டாயம் போங்கள். டைனோசர் காலத்து மணல்மேடுகள் அப்படியே கல்லாகி நிற்கின்றன. அன்று காற்று எந்தப் பக்கம் மணலைத் தள்ளியதோ, அந்தச் சரிவுக் கோடுகள் இன்றும் பாறையில் வரிவரியாகத் தெரியும். கையை வைத்துத் தேய்த்தால் உள்ளங்கையில் சிவப்பு மணல் ஒட்டும். ஒவ்வொரு மணலின் மேலும் மெல்லிய இரும்புத் துருப்பூச்சு, அதுதான் அந்த நிறம். அந்தச் சொரசொரப்பில் குழந்தையின் ஷூ நன்றாகப் பிடித்துக்கொள்ளும், தைரியமாக ஏறுவாள். பக்கத்திலேயே கன்னங்கரேலென்று எரிமலைக் குழம்பு உறைந்து கிடக்கும். ஸயான் பள்ளத்தாக்கில் இதைப் பார்க்க முடியாது.

மலைப்பாதை:
கள்ளிநிழல் தம்பி, ஸ்னோ கேன்யன் அழகில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவ்வளவு தூரத்திலிருந்து வந்த பெற்றோரை ஒரு மணி நேர ஓட்டத்தில் இருக்கும் ஸயானுக்குக் கூட்டிப்போகாமல் திருப்பி அனுப்பச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. இரண்டாயிரம் அடிச் சுவர்களுக்கு நடுவே, ஆற்றங்கரையில் நின்று அண்ணாந்து பார்க்கிற இடம் அது.

ஷட்டிலைத் தொல்லை என்கிறீர்கள். 2000-ஆம் ஆண்டில் அது வருவதற்கு முன் அந்தக் குறுகலான பள்ளத்தாக்கு கார்களால் திணறியது. முழங்கால் வலிக்காரருக்கு அந்த பஸ்தான் வரம். ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே பள்ளத்தாக்கு முழுவதையும் பார்த்துவிடலாம், தனிக் கட்டணமும் இல்லை. கடைசி நிறுத்தத்தில் இறங்கினால் 'ரிவர்சைட் வாக்'. வர்ஜின் ஆற்றை ஒட்டிய, தளம் போட்ட பாதை. முழுதாகப் போக ஒரு மைல், வர ஒரு மைல். அப்பா பாதியில் திரும்பினாலும் நஷ்டமில்லை, முதல் வளைவிலேயே ஆறும் பாறையும் கண்ணை நிறைத்துவிடும்.

வேகாஸ்வாசி:
யூட்டா வரை போவானேன்? வேகாஸிலிருந்து சுமார் ஐம்பது மைலில் 'வேலி ஆஃப் ஃபயர்'. நெவாடாவின் முதல் ஸ்டேட் பார்க், 1935-லிருந்து இருக்கிறது. பழங்குடியினர் பாறையில் செதுக்கிய உருவங்களைப் பக்கத்தில் நின்றே பார்க்கலாம். மார்ச்சில் வெயிலும் தாங்கும். கோடையில் அங்கே பல நடைபாதைகளை வெப்பத்துக்குப் பயந்து மூடியே வைக்கிறார்கள். இன்னொன்று, யூட்டாவுக்குள் நுழைந்தால் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போய்விடும். காலையில் கிளம்புகிறவர்கள் இதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

மலைப்பாதை:
திரும்பும் வழியில் மூன்று மணி நேரம் நின்று பார்க்கலாம், அருமையான இடம். ஆனால் அதை வைத்து ஸயானை வெட்டாதீர்கள்.

செம்மண்வீடு:
நான் செயின்ட் ஜார்ஜில்தான் குடியிருக்கிறேன். 'காரை நிறுத்தினால் பாறை' என்று படித்துவிட்டு வருகிறவர்கள் கால் போன போக்கில் இறங்கிவிடுகிறார்கள், அதுதான் எனக்குக் கவலை. பாதைக்கு வெளியே மண் கறுப்பாக, சின்னச் சின்ன மேடாக முடிச்சிட்டுக் கிடக்கும். அழுக்கு மண் என்று நினைக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் மண்ணைப் பிடித்து வைத்திருக்கும் மேலோடு அது. ஒரு மிதியில் நொறுங்கும், மறுபடி உருவாகப் பல பத்தாண்டுகள் ஆகும்.

அப்புறம் ஆமைகள். மார்ச்சில் பாலைவன ஆமைகள் வளையை விட்டு வெளியே வரத் தொடங்கும். பிள்ளைகள் ஆசையாகத் தூக்கப் போவார்கள், விடாதீர்கள். பயந்தால் அது உடம்பில் சேமித்து வைத்திருக்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்றிவிடும். மறுபடி மழை வரும்வரை அதற்குக் குடிக்க எதுவும் கிடைக்காமல் போகலாம், உயிரே போய்விடும். ஸ்னோ கேன்யன் பூங்காவில் இருக்கும் ஜான்சன் கேன்யன் பாதையை மார்ச் நடுவிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை மூடிவிடுவார்கள், அங்கே போய் ஏமாறாதீர்கள்.

கள்ளிநிழல்:
அக்கா சொல்வது முழுக்க நியாயம். நான் சொன்ன இடம் வெறும் பாறை, வழிக்குறியை ஒட்டியே ஏறலாம். மழை பெய்திருந்தால் மட்டும் ஏற வேண்டாம், ஈரத்தில் மணற்பாறை பலமிழந்து உடையும். ஆனால் மலைப்பாதை அண்ணா, பிள்ளைகள் பக்கத்திலிருந்து யோசியுங்கள். ஸயானில் ஐந்து வயதுக் குழந்தை நாள் முழுக்க கையைப் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டும். ஸ்னோ கேன்யனில் அவளே பாறையைத் தொட்டு, ஏறி, உட்கார்ந்து பார்ப்பாள். எனக்கு அதுதான் பாலைவனத்தைப் பார்ப்பது.

மலைப்பாதை:
குழந்தைக்குச் சரி. பாட்டி தாத்தாவுக்கு? அவர்களுக்கு அந்த ஆறு பிடிக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: ரிவர்சைட் வாக் முடியும் இடத்தில் சிலர் 'நேரோஸ்' என்று ஆற்றுக்குள் இறங்கி நடப்பார்கள். நீங்கள் இறங்க வேண்டாம். வசந்தத்தில் பனி உருகி நீர் வரத்து கூடும், பல நாள் அந்தப் பகுதியையே மூடியிருப்பார்கள். இங்கே வானம் தெளிவாக இருந்தாலும் எங்கோ மேலே பெய்த மழை வெள்ளமாக வந்து இறங்கும். 2015 செப்டம்பரில் ஸயானில் கீஹோல் என்ற குறுகிய பிளவுக்குள் இறங்கிய ஏழு பேர் திடீர் வெள்ளத்தில்தான் இறந்தார்கள்.

பயணப்பெட்டி:
எல்லாருக்கும் நன்றி. அம்மாவிடம் இரண்டையும் படித்துக் காட்டினேன். ஆறு இருக்கிற இடம் வேண்டும் என்றுவிட்டார். சனிக்கிழமை ஸயான், ஞாயிறு ஸ்னோ கேன்யன் என்று வைத்திருக்கிறேன்.

கள்ளிநிழல்:
சனிக்கிழமையா! தயவுசெய்து வேண்டாம். ஒரு நாள் முன்னதாக வர முடிந்தால் வெள்ளிக்கிழமை ஸயானை முடித்துவிடுங்கள். முடியாவிட்டால் சனிக்கிழமை காலை ஏழு மணிக்குள் பார்க்கிங்கில் இருக்க வேண்டும். அதற்கு மேல் ஆகிவிட்டால் ஸ்பிரிங்டேல் ஊரிலேயே காரை விட்டுவிட்டு அங்கிருந்து ஊர் ஷட்டிலில் வாயில் வரை போங்கள்.

செம்மண்வீடு:
தேசியப் பூங்காக்களுக்கான ஆண்டு பாஸ் ஸ்னோ கேன்யனில் செல்லாது, அங்கே தனி டிக்கெட். தண்ணீர் கேன்களைக் காரில் ஏற்றிக்கொள்ளுங்கள், ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர்.