அம்மாவின் மோதிரம் வெளுத்தபோது

அம்மாவின் கல்யாண மோதிரம் ஒரு நாள் விரலிலேயே வெள்ளையாகிவிட்டது. அப்போது எனக்குப் பத்து வயது. பந்தலூரில் ஓர் ஆசாரியிடம் கொண்டுபோனோம். அவர் அதைக் கையில் வாங்கியதுமே, "வீட்டில் பாதரசம் புழங்குகிறதா அம்மா?" என்று கேட்டார். அம்மா பதில் சொல்லவில்லை. அவர் மோதிரத்தைப் பட்டறைக்கு வெளியே எடுத்துப்போய், காற்று வீசும் பக்கமாக முதுகைத் திருப்பிக்கொண்டு சுட்டார். மஞ்சள் திரும்பி வந்தது. அவர் ஏன் வெளியே போனார் என்பது எனக்குப் பல வருடங்கள் கழித்துத்தான் புரிந்தது.

எங்கள் ஊர் தேவாலா. 1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து, கூடலூர் மலையில் தேயிலை பறிக்கக் குடியேறிய குடும்பம். நாங்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்த மலையைத் தங்கத்துக்காகக் குடைந்திருந்தார்கள். 1880ஐ ஒட்டி லண்டனில் பங்கு விற்ற கம்பெனிகள் இங்கே வந்து சுரங்கம் வெட்டின. எதிர்பார்த்தது கிடைக்காமல் சில வருடங்களிலேயே போய்விட்டன. சுரங்கங்கள் மட்டும் அப்படியே கிடந்தன. தோட்டத்தில் வேலை குறைந்த மாதங்களில் அப்பாவும் இன்னும் சிலரும் அவற்றுக்குள் போவார்கள்.

சாக்கில் வருவது வெள்ளைக்கல். அதைச் சுத்தியலால் உடைத்து, உரலில் இடித்து, மாவாகச் சலிப்பது அம்மாவும் நானும். தட்டில் தண்ணீர் விட்டு அலசினால் லேசான மண் போய், கனமான கறுப்பு வண்டல் அடியில் நிற்கும். அதில்தான் பாதரசத்தை ஊற்றுவார் அப்பா; ரசம் என்றுதான் சொல்வோம். அம்மா வெறும் கையால் அதைப் பிசைவாள். தங்கத் தூள் எங்கே ஒளிந்திருந்தாலும் ரசம் தேடிப் பிடித்துக்கொள்ளும். மணலைத் தொடவே தொடாது. பிறகு பழைய வேட்டித் துணியில் போட்டு முறுக்கினால், மிஞ்சிய ரசம் துணிக்கண் வழியே முத்து முத்தாகச் சொட்டும். உள்ளே வெண்ணெய் போல ஒரு சின்ன வெள்ளை உருண்டை நிற்கும். அதில் ஏறக்குறைய பாதிதான் தங்கம். மீதி ரசம். அதை நெருப்பில்தான் விரட்ட வேண்டும்.

சுடும் இடம் எங்கள் அடுப்பங்கரை. யாராவது பார்த்துவிடுவார்கள் என்ற பயத்தில் கதவைச் சாத்துவோம். ஆடி மாத மழையில் ஜன்னலும் சாத்தியிருக்கும். இரும்புக் கரண்டியில் உருண்டையை வைத்துக் கரியில் காட்டினால் சிறிது நேரத்தில் அது சுருங்கி, கடற்பஞ்சு போல ஓட்டை ஓட்டையாக, மங்கிய மஞ்சளில் நிற்கும். எவ்வளவு தேறியது என்று பார்க்க நாங்கள் நால்வரும் அதன்மேல் குனிந்து நிற்போம். அதே அடுப்பில் அதன் பிறகு சோறு வடிப்போம்.

ரசம் 357 டிகிரியில் கொதிக்கும். அதன் ஆவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூச்சில் போகும் ஆவியில் ஏறக்குறைய 80 சதவீதம் உடம்பில் தங்கிவிடும். கையால் பிசைந்ததும் தவறுதான். ஆனால் எங்களைக் கெடுத்தது அந்தச் சாத்திய கதவு. இதை அன்று ஒருவர் சொல்லியிருந்தால் அப்பா நிச்சயம் வெளியே போய்ச் சுட்டிருப்பார். அப்போதும் அது எங்கள் தலைக்கு மேலிருந்து அடுத்த லைன் வீடுகளுக்கும் ஓடைக்கும்தான் போயிருக்கும் என்பது வேறு விஷயம்.

இரண்டு வருடத்தில் அம்மா தேநீர் ஊற்றும்போது தம்ளர் விளிம்பில் கெண்டி தடதடவென்று அடிக்க ஆரம்பித்தது. ஈறு வீங்கியது, வாயில் இரும்பைச் சப்பியதுபோல் இருக்கிறது என்பாள். தூக்கம் போனது. ஒருபோதும் அதட்டாதவள் சின்ன விஷயத்துக்கெல்லாம் சீறினாள். நாங்கள் அதை வறுமையின் கோபம் என்று நினைத்தோம். கூடலூரில் ஒரு டாக்டர் அம்மாவை ஒரு காகிதத்தில் வட்டம் போடச் சொன்னார். அது ரம்பப் பல் மாதிரி வந்தது. "வீட்டில் என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று அவர் கேட்டபோது, முதல் முறையாக அப்பா உண்மையைச் சொன்னார்.

அன்றோடு நிறுத்தினோம். மாதக்கணக்கில் நடுக்கம் மெல்லக் குறைந்தது, முழுதாகப் போகவில்லை. சுரங்கம் சரிந்து இறந்தவர்களுக்காக எங்கள் லைன் முழுவதும் அழுதிருக்கிறது. கை நடுங்கியவர்களை யாரும் கணக்கெடுக்கவில்லை. பிலிப்பைன்ஸின் பெங்கெட் பகுதியில் சிறு சுரங்கக்காரர்கள் ரசமே இல்லாமல் வெண்காரம் (போராக்ஸ்) போட்டு உருக்கித் தங்கம் எடுக்கிறார்கள் என்று பின்னாளில் படித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. வெண்காரம் அந்த ஆசாரியின் பட்டறையிலேயே இருந்ததே!

போன வருடம் பழைய அடுப்பங்கரைத் தரையைப் பெயர்த்து சிமென்ட் போட்டோம். அடுப்பு இருந்த மூலையில், மண் வெடிப்புக்குள், கடுகளவு வெள்ளி மணிகள் டார்ச் வெளிச்சத்தில் மினுங்கின. பேத்தி குனிந்து கை நீட்டினாள். அம்மா ஓடிவந்து, அந்த நடுங்கும் கையாலேயே அவளை வாரித் தூக்கிக்கொண்டு வெளியே போனாள்.