புது மீன் டேங்க்ல தண்ணி பால் மாதிரி இருக்கு, என்ன பண்றது?

தெம்பனிஸ் வீட்டுல போன சனிக்கிழமை 2 அடி டேங்க் வச்சேன், மணல நல்லா கழுவித்தான் போட்டேன், மூணாம் நாள்லேர்ந்து அரிசி கழுவுன தண்ணி மாதிரி ஆயிடுச்சு. ராத்திரி பூரா வாளியில புடிச்சு வச்சு தினம் பாதி மாத்துறேன், தெளியல. 6 கப்பி மீன் இருக்கு.

யீஷூன்வாசி: மணல் தூசின்னா முதல் நாளே கலங்கியிருக்கும். இது பாக்டீரியா தம்பி, தானா அடங்கும், ஒரு வாரம் பத்து நாள் ஆகலாம். ஃபில்டர் பஞ்ச குழாத்தண்ணில கழுவிடாதீங்க. அப்புறம் குளோரின் போகட்டும்னு வாளியில வைக்கிறது நம்ம சிங்கப்பூருக்கு பத்தாது, இங்க குழாத்தண்ணில குளோரமைன் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி) போடுறாங்க, லேசுல ஆவியாகாது, அத முறிக்கிற ஆன்டி-குளோரின் மருந்து ஊத்தியே ஆகணும்.

மீன்பைத்தியம்: மீன் கழிவுலேர்ந்து வர்ற அம்மோனியா தண்ணில எவ்வளவு இருக்குன்னு டெஸ்ட் பண்ணுங்க முதல்ல. ஏறியிருந்தா கால்வாசி தண்ணி மாத்துங்க. சாப்பாடு துளி போதும், எங்க மாமியார் பாவம் பசிக்குமேன்னு அள்ளிப் போட்டே டேங்க கெடுத்தாங்க.

தெம்பனிஸ் தம்பி: இங்க அது என் பொண்ணு 😅 டப்பாவ ஒளிச்சு வச்சிட்டேன்.