புதுப்பிப்பு: குளிர்காலத்தில் 3 மணிக்கே விழிப்பு – காரணம் கிடைத்துவிட்டது

எனக்கு வயது 67. குளிர் தொடங்கியதிலிருந்து அதிகாலை 3 மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, மறுபடி தூங்க முடியவில்லை என்று ஆறு வாரங்களுக்கு முன் இங்கே கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் செய்தது, படுப்பதற்கு ஒன்றரை மணி நேரம் முன் வெந்நீர்க் குளியல், பிறகு காலுறை. பாதம் சூடானால் தோலின் இரத்த நாளங்கள் விரிந்து உடலின் உள்வெப்பம் இறங்கும். அந்த இறக்கம் தூக்கத்துக்கு உதவும். படுத்ததும் கண் சொக்கியது உண்மைதான். 3 மணி விழிப்பு மட்டும் அசையவில்லை.

விடை, "எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள்?" என்று ஒருவர் கேட்ட கேள்வியில் இருந்தது. சீக்கிரம் இருட்டிவிடுவதால் 8 மணிக்கே போர்வைக்குள் புகுந்துகொண்டிருந்தேன். 8 முதல் 3 வரை ஏழு மணி நேரம்! தூக்கம் குறையவில்லை, முன்னால் நகர்ந்திருக்கிறது. இதைக் கணக்குப் பார்க்காமல் மாத்திரை வரை யோசித்ததை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மாலையில் நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து, படுக்கும் நேரத்தை வாரம் அரை மணியாகத் தள்ளி 10 மணிக்குக் கொண்டுவந்தேன். மதியத் தூக்கம் இருபது நிமிடம், அதற்கு மேல் இல்லை. இப்போது விழிப்பு 5 மணிக்கு.

எதிர்பாராதது ஒன்று: இடையில் சிறுநீருக்கு எழுவதற்குக் குளிர் மட்டும் காரணமில்லை. இரத்த அழுத்தத்துக்காக மாலையில் சாப்பிட்டுவந்த நீர்போக்கி மாத்திரையை மருத்துவர் காலைக்கு மாற்றினார். மூன்று முறை எழுந்தது ஒன்றாகிவிட்டது. நீங்களாக மாற்றாதீர்கள், கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.