எஸ்பிளனேட் பூங்காவில் அம்மாவுடன் ஒரு நடை: உதவி தேவை

சிங்கப்பூரில் இருக்கும் நண்பர்களே, வணக்கம். அடுத்த மாதம் அம்மா ஊரிலிருந்து வருகிறார். வயது 74, மூட்டுவலி. தாத்தா மலாயாவில் தோட்ட வேலை பார்த்து, பிறகு இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர். அதனால் எஸ்பிளனேட் பூங்காவில் இருக்கும் ராணுவ நினைவிடத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறார்.

1945 ஜூலையில் நேதாஜி அடிக்கல் நாட்டிய நினைவுச்சின்னம் அது. போர் முடிந்து திரும்பிய பிரிட்டிஷார் சில வாரங்களிலேயே அதை இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே இருப்பது 1995-இல் வைத்த அடையாளப் பலகைதான். அதன் முன்னால் அம்மாவை அவசரமில்லாமல் உட்கார வைக்க ஆசை. பக்கத்தில் நிழலோடு பெஞ்ச் இருக்கிறதா?

அப்படியே அதே பூங்காவில் இருக்கும் செனொடாஃப் (உலகப் போர்களில் மாண்ட வீரர்களின் நினைவுச்சின்னம்), ஜப்பானியரை எதிர்த்துப் போராடி உயிர்விட்ட லிம் போ செங்கின் நினைவகம், டான் கிம் செங் நீரூற்று மூன்றையும் காட்டலாம் என்றிருக்கிறேன். முடிந்தால் எதிரே போர் நினைவுப் பூங்காவில் 1967-இல் எழுப்பிய நான்கு தூண்களையும். ஜப்பானியர் ஆட்சியில் மாண்ட எல்லா இனத்து மக்களுக்கும் பொதுவான சின்னம் என்பதால் அதை விட மனம் வரவில்லை.

சிட்டி ஹால் நிலையத்தில் இறங்குவது நல்லதா, எஸ்பிளனேட் நிலையமா? படி ஏறாமல், சக்கர நாற்காலியோடு எந்த வரிசையில் போகலாம்? கழிப்பறை எங்கே? அப்புறம், உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது இந்திய தேசிய ராணுவத்தில் இருந்திருந்தால் அவசியம் எழுதுங்கள். அம்மாவுக்குப் படித்துக் காட்டுவேன்.