ஊட்டி பஸ் ஸ்டாண்ட் பக்கம் மழைத் தண்ணீர்: முன்பும் இப்படித்தானா?

காந்தல்காரன்:
பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளி எங்களுக்கு ஒரு வர்க்கிக் கடை. அப்பா காலத்திலிருந்தே வாடகைக் கட்டடம்தான். போன மழையில் ரயில்வே பாலத்துக்கு அடியில் தேங்கின தண்ணீர் ஏறி ஏறிக் கடைக்குள்ளும் வந்துவிட்டது. அடியில் கிடந்த நாலு மைதா மூட்டை போச்சு. தண்ணீர் வடிந்த பிறகு தரையில் ஒரு விரல் கனத்துக்குக் கருப்புச் சேறு, சாக்கடை நாற்றம். இரண்டு நாள் அடுப்பு பற்ற வைக்கவில்லை. இப்போது ஓனர் "கட்டடத்தை நீங்களே வாங்கிக்குங்க" என்கிறார். அப்பாவுக்கு ஆசை, எனக்குப் பயம். மலை மேல் இருக்கிற ஊரில் தண்ணீர் ஓடத்தானே வேண்டும், ஏன் நிற்கிறது? பழைய ஆட்கள் சொல்லுங்கள்.

பழைய கண்டக்டர்:
தம்பி, கோபப்படாதீங்க, உங்கள் கடையே பழைய ஊட்டி ஏரிக்குள்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். வெள்ளைக்காரன் காலத்துக் கலெக்டர் சல்லிவன் 1823 முதல் 1825 வரை ஓடைகளை மறித்துக் கட்டின ஏரி அது. கரை உடைந்து மூன்று தடவை காலியாகியிருக்கிறது. இன்றைய பஸ் ஸ்டாண்ட், ரேஸ் கோர்ஸ், லேக் பார்க் எல்லாமே அதில் மேடாக்கி எடுத்த இடம். மிச்சம் இருப்பது 65 ஏக்கர். நான் நைட் ஹால்ட் போட்டு பஸ்ஸிலேயே படுத்த நாட்களில் ரேஸ் கோர்ஸ் பக்கம் விடிய விடியத் தவளைச் சத்தம் கேட்கும். கம்பளியை இழுத்துக் காதை மூடினாலும் கேட்கும். தவளைக்குத் தெரியும் அது யார் இடம் என்று.

மேல்வீடு:
ஐயா சொல்வது சரி, ஆனால் பழியை முழுக்க ஏரி மேல் போடாதீங்க. அது பள்ளமாக இருப்பது இன்றைக்கு நேற்றா? நாங்கள் ஏரிக்கு வருகிற கோடப்பமந்து கால்வாய்க்கு மேலே இருக்கிறோம். என் சின்ன வயதில் வீட்டுக்குப் பின்னால் உருளைக்கிழங்குத் தோட்டம். மழை நின்று டீ குடித்து முடித்த பிறகுதான் கால்வாயில் தண்ணீர் ஏறும். இப்போது அங்கே காட்டேஜும் கான்கிரீட் பார்க்கிங்கும். மழை பெய்துகொண்டிருக்கும்போதே கால்வாய் நிரம்பிவிடுகிறது. சாக்கடை, பாட்டில், மெத்தைப் பஞ்சு எல்லாம் அதில்தான் (போன மாதம் ஒரு முழு சோபா சிக்கியிருந்தது). 2011 கணக்கிலேயே நகராட்சியில் 88,430 பேர். சீசனுக்கு வருகிறவர்கள் தனி.

பழைய கண்டக்டர்:
சோபாவா! சரி, அதையும் சேர்த்துக்குவோம். தம்பி, ரேஸ் கோர்ஸ் நிலத்தை 2024-ல் அரசு திரும்ப எடுத்துக்கொண்டது, 52 ஏக்கர். அது மண்ணாகவே இருந்தால் மழைத் தண்ணீர் இறங்க இடம் உண்டு. அங்கே என்ன வருகிறது என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்க.

காந்தல்காரன்:
எல்லாவற்றையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கடைக்குப் பின்னால் கக்கூஸ் குழி தோண்டினபோது மூன்றடியிலேயே கருப்புச் சேறும் கோரை வேரும் வந்ததாம். இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்றால், "நீ எங்கே கேட்டே?" என்கிறார். இப்போதைக்கு வாங்கவில்லை. இரண்டரை அடி உயரத்தில் இரும்பு ஸ்டாண்ட் அடித்து மூட்டைகளை ஏற்றிவிட்டோம்.