இந்தூர் மாதிரி குப்பையிலிருந்து கேஸ்: நம் நகராட்சிகளுக்குச் சரிப்படுமா?

மணிமுத்தாறு

எங்கள் நகராட்சியில் மக்கும் குப்பையிலிருந்து சிஎன்ஜி (வண்டிக்கு ஊற்றும் அழுத்திய எரிவாயு) எடுக்கும் ஆலைக்குத் தீர்மானம் வரப்போவதாகப் பேச்சு. அதற்குள் எதிர்ப்பும் கிளம்பிவிட்டது. நான் ஆதரவுப் பக்கம். ஏன் என்று சொல்கிறேன், மறுப்பவர்கள் மறுக்கலாம்.

இந்தூரில் தேவகுராடியா குப்பைக் கிடங்கு இருந்த இடத்தில் 2022 பிப்ரவரி 19 அன்று இப்படி ஒரு ஆலையைத் திறந்தார்கள். நாளுக்கு 550 டன் ஈரக்குப்பை உள்ளே போகும். முழு அளவில் ஓடினால் 17,000 கிலோ வாயுவும் 100 டன் உரமும் வெளியே வரும். மாநகராட்சி முதலீடு போடவில்லை. ஒப்பந்தப்படி தனியார் நிறுவனம் கட்டி, ஓட்டி, வருடத்துக்கு 2.5 கோடி ரூபாயை மாநகராட்சிக்குக் கட்டவேண்டும். வாயுவில் பாதியைச் சந்தை விலையைவிடக் கிலோவுக்கு 5 ரூபாய் குறைவாக வாங்கி நகரப் பேருந்துகளுக்குப் போடுவது ஏற்பாடு.

நம்மிடம் அதே குப்பை மேடாகக் குவிந்து கிடக்கிறது. அடியில் காற்றுப் புகாத இடத்தில் அழுகி மீத்தேனாக வெளியேறுகிறது. 20 வருடக் கணக்கில் பார்த்தால் மீத்தேன் பூமியைச் சூடாக்குவது கரியமில வாயுவைப்போல் 80 மடங்கு. பெருங்குடியில் 2022 ஏப்ரலிலும் வெள்ளலூரில் 2024 ஏப்ரலிலும் கிடங்கு பற்றி எரிந்து புகை நாள்கணக்கில் ஊரைச் சூழ்ந்ததை மறந்துவிட முடியாது. எப்படியும் வரப்போகிற வாயுவை ஒரு தொட்டிக்குள் வரவைத்து வண்டிக்கு ஊற்றினால் என்ன கெட்டுப்போகும்?

தெற்குத்தெரு

நான் எதிர்ப்புப் பக்கம். ஒரு உரக்கிடங்குக்கு அரை கிலோமீட்டர் தள்ளி வீடு. "நாற்றமே இருக்காது" என்று அதைத் திறக்கும்போது சொன்னார்கள். மழைக்காலத்தில் மாலை நேரம் வந்து பாருங்கள், ஜன்னலைத் திறக்க முடியாது. அதனால் "நவீன ஆலை" என்ற சொல்லுக்கு எங்கள் தெருவில் மதிப்பில்லை.

சரி, உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2.5 கோடியை 365 நாளுக்கும் 550 டன்னுக்கும் வகுத்தால் டன்னுக்கு 125 ரூபாய்கூட வரவில்லை. ஒரு டன் குப்பையை வீடு வீடாக வாங்கி ஆலை வாசல்வரை கொண்டுபோய்ச் சேர்க்க நகராட்சிக்கு ஆகும் செலவு ஆயிரக்கணக்கில். இதை வருமானம் என்று கவுன்சிலர்கள் மேடையில் பேசினால் மக்களை ஏமாற்றுவதாகத்தான் அர்த்தம்.

இன்னொன்று. 2018 அக்டோபரில் மத்திய அரசு, கழிவிலிருந்து எடுக்கும் வாயுவை எண்ணெய் நிறுவனங்கள் வாங்கிக்கொள்ளும் சதத் திட்டத்தை அறிவித்தது. 2023-24க்குள் 5,000 ஆலைகள், வருடத்துக்கு 1.5 கோடி டன் வாயு என்பது இலக்கு. அந்த வருடம் முடிந்தபோது ஓடிக்கொண்டிருந்த ஆலைகள் நூறைக்கூட எட்டவில்லை. இவ்வளவு நல்ல வியாபாரம் என்றால் ஏன் யாரும் வரிசையில் நிற்கவில்லை?

செரிகலன்

இந்தத் துறையில் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் இடையில் வருகிறேன். இருவர் கணக்கும் சரி. ஆனால் இருவரும் ஆலையின் வாசலிலேயே நிற்கிறீர்கள். உள்ளே நடப்பதைக் கொஞ்சம் சொல்கிறேன்.

குப்பையைக் காற்றுப் புகாமல் செரிக்கவைக்கும் தொட்டிதான் செரிகலன். அது ஒரு பெரிய மாட்டு வயிறு. நுண்ணுயிர்கள்தான் வேலைக்காரர்கள். ஒரு கூட்டம் சோறு, காய்கறியை உடைத்து அமிலமாக்கும். இன்னொரு கூட்டம் அந்த அமிலத்தைத் தின்று மீத்தேன் விடும். முதல் கூட்டத்துக்கு வேகம் அதிகம், இரண்டாவது மெதுவானது, சீக்கிரம் செத்தும்போகும். முகூர்த்த நாளுக்கு மறுநாள் மண்டபங்களிலிருந்து மீந்த சோறும் பாயசமுமாக ஒரே நேரத்தில் இறங்கினால் அமிலம் தொட்டியில் தேங்கிவிடும். அமிலக் காரக் குறியீடு (pH) 6.5க்குக் கீழே போனால் மீத்தேன் உற்பத்தி படுத்துவிடும். அதைத் தேற்றி எடுக்க வாரக்கணக்கில் ஆகும்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் இன்னொரு விதம். திருஷ்டிப் பூசணியும் வாழைக்கன்றும் மலையாக வரும். வாழை நார் கலக்கியின் தண்டில் சுற்றிக்கொண்டு மோட்டாரையே நிறுத்திவிடும். எல்லாவற்றையும்விட மோசமானது தெருக்கூட்டிய மண். மண் செரிக்காது, அடியில் படியும். படியப் படியத் தொட்டியின் கொள்ளளவு குறைந்துகொண்டே வரும். ஒருநாள் ஆலையை நிறுத்தி, திறந்து, வாரித்தான் ஆகவேண்டும்.

இப்போது பணத்துக்கு வருவோம். இந்தூரின் எண்களை வகுத்தால் ஒரு டன் குப்பைக்கு சுமார் 31 கிலோ வாயு. சதத் ஆரம்பத்தில் அறிவித்த விலை கிலோவுக்கு 46 ரூபாய். அந்த விலையில் டன்னுக்கு 1,400 ரூபாய் சொச்சம். கரண்ட் பில், சம்பளம், கடன் தவணை எல்லாம் அதற்குள். குப்பை சுத்தமாக வந்தால் இது ஓடும். மண்ணும் பிளாஸ்டிக்கும் கலந்து வந்து 31 கிலோ 15 கிலோவானால், யார் ஓட்டினாலும் நஷ்டம்தான். ஏன் வரிசையில் நிற்கவில்லை என்று தெற்குத்தெரு கேட்டதற்கு ஒரு பாதி பதில் இது.

மண்புழு

செரிகலன் சொன்னதைக் கேட்டபிறகும் இதை ஒரு நகராட்சிக்குச் சிபாரிசு செய்ய எப்படி மனம் வரும்?

ஆலப்புழையைப் பாருங்கள். சர்வோதயபுரம் கிடங்குக்குக் குப்பை கொண்டுவரக் கூடாது என்று 2012-இல் ஊர்மக்கள் மறித்தார்கள். போக்கிடம் இல்லாமல் போன நகராட்சி, குப்பையை ஊருக்கு வெளியே கொண்டுபோவதையே விட்டது. வீட்டில் குழாய் உரம் (மண்ணில் நட்ட குழாய்க்குள் குப்பையைப் போட்டு மக்கவைப்பது), சின்ன சாண எரிவாயுத் தொட்டி. வீட்டில் இடமில்லாதவர்களுக்குத் தெருமுனையில் தும்பூர்முழி முறையில் காற்றோட்டமான உரப்பெட்டிகள். லாரி இல்லை, கிடங்கு இல்லை. 2017-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு இதை முன்மாதிரியாகக் குறிப்பிட்டது.

ஆலை வந்தால் அதற்குத் தினமும் தீனி போட்டாக வேண்டும். வீட்டில் உரம் போடுங்கள், சாப்பாட்டை வீணாக்காதீர்கள் என்று நகராட்சி எந்த வாயால் சொல்லும்? 2016 திடக்கழிவு விதிகளின்படி நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை போடும் ஹோட்டல்களும் மண்டபங்களும் மக்கும் குப்பையை முடிந்தவரை தங்கள் வளாகத்திலேயே பதப்படுத்த வேண்டும் என்று இருந்தது. ஊரிலேயே சுத்தமான ஈரக்குப்பை அவர்களிடம்தான் இருக்கிறது. ஆலைக்காரர் முதலில் கேட்கப்போவதும் அதைத்தான். அப்புறம் அப்படி ஒரு விதியை அமல்படுத்த யாருக்கு ஆர்வம் இருக்கும்?

மணிமுத்தாறு

மண்புழு, ஆலப்புழை இரண்டு லட்சத்துக்கும் குறைவான ஜனம் இருக்கும் ஊர். வீட்டைச் சுற்றித் தென்னையும் மண்ணும் உண்டு. இந்தூரில் 2011 கணக்கிலேயே 19 லட்சத்துக்கு மேல். சென்னையில் நாளுக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை விழுகிறது. புளியந்தோப்பில் அடுக்குமாடியில் இருக்கிறவர் குழாய் உரத்தை எங்கே நடுவார்? நுண் உரக்கூடங்களைத்தான் வார்டு வார்டாகக் கட்டினோமே. பக்கத்து வீட்டுக்காரர்கள் நாற்றம் என்று மனு கொடுத்துப் பூட்டியவை எத்தனை? எங்கள் ஊரிலேயே இரண்டு கூடம் பழைய சாமான் போடும் இடமாகிவிட்டது.

தமிழ்நாட்டில் நடக்காது என்றும் சொல்ல முடியாது. நாமக்கல் புதுச்சத்திரத்தில் கோழி எச்சத்திலிருந்து நாளுக்கு 15 டன் வாயு எடுக்கும் அளவுக்கு ஆலை கட்டியிருக்கிறார்கள். சேத்துப்பட்டில் சென்னை மாநகராட்சிக்காக 100 டன் கொள்ளளவில் ஒன்று இருக்கிறது. வாங்க ஆளில்லை என்ற கவலையும் குறையப்போகிறது. நகர எரிவாயு நிறுவனங்கள் 2025-26இல் 1 சதவீதத்தில் தொடங்கி 2028-29இல் 5 சதவீதம்வரை இந்த வாயுவைக் கலந்தே ஆகவேண்டும் என்று விதி வந்துவிட்டது.

பழைய எஸ்.ஐ.

துப்புரவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். வாயு, விலை பற்றி எனக்குத் தெரியாது. குப்பை எப்படி வண்டி ஏறுகிறது என்று தெரியும்.

காலை ஆறு மணிக்குத் தூய்மைப் பணியாளர் அம்மா பேட்டரி வண்டியோடு தெருவுக்குள் போகிறார். பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி இரண்டும் இருக்கும். பாதி வீட்டில் ஒரே கவரில் கட்டிக் கொடுப்பார்கள். அவர் கையால் பிரித்து, பால் கவரையும் குழந்தை டயப்பரையும் தனியே எடுத்துப் போட்டு, அடுத்த வீட்டுக்குப் போவதற்குள் மேஸ்திரி போன் செய்து "எத்தனை வீடு முடிந்தது?" என்பார். பிரிப்பதற்கு யாரும் நேரம் கொடுப்பதில்லை. கடைசியில் இரண்டு தொட்டியும் குப்பையை அழுத்தி ஏற்றும் ஒரே காம்பாக்டர் லாரியில் விழும். பிரித்துக் கொடுத்த வீட்டுக்காரரும் அதைப் பார்த்துவிட்டு மறுநாளிலிருந்து பிரிப்பதை விட்டுவிடுவார்.

ஒப்பந்தத்தைப் பற்றி ஒன்றுதான் சொல்வேன். "நகராட்சி தினமும் இத்தனை டன் தரவேண்டும், குறைந்தால் அபராதம்" என்று எழுதிவிட்டால் எடை மேடைதான் எஜமான். சாயங்காலம் பத்து டன் குறைகிறது என்றால் சாக்கடைத் தூர் வாரிய மண்ணையும் சேர்த்து ஏற்றிவிடுவார்கள். எடைக்குப் பணம் என்று போட்ட எல்லா ஒப்பந்தத்திலும் இதைப் பார்த்திருக்கிறேன். ஈரக் கோணி, மண், கட்டட இடிபாடு, எது கனமோ அது ஏறும். தம்பி செரிகலன் சொன்ன மண் தானாக வருவதில்லை, ஒப்பந்தம்தான் அதைக் கூப்பிடுகிறது.

ஸ்காபரோ குமரன்

டொராண்டோவில் இருந்து எழுதுகிறேன். இங்கே பச்சை வாளியில் சமையல் கழிவு சேர்க்கிறது கனகாலமாக நடக்கிறது. 2021-இல் இருந்து டஃபரின் என்ற இடத்தில் நகரசபையின் ஆலை அதிலிருந்து வரும் வாயுவைச் சுத்திகரித்து ஊர் எரிவாயுக் குழாயிலேயே செலுத்துகிறது.

இங்கேயும் சனம் சுத்தமாகப் பிரித்துத்தான் போடுகிறது என்று நினைக்க வேண்டாம். பிளாஸ்டிக் பையில் கட்டிப் போடலாம், டயப்பரும் போடலாம் என்று நகரசபையே அனுமதித்திருக்கிறது. அதற்குத் தக்கதாக முன்னால் ஒரு பெரிய கூழாக்கும் இயந்திரம் வைத்திருக்கிறார்கள். தண்ணீர் விட்டுச் சுழற்றும்போது பிளாஸ்டிக் மேலே மிதக்கும், கல்லும் கண்ணாடியும் கீழே போகும், நடுவில் நிற்கிற கூழ் மட்டும் செரிகலனுக்குள் போகும். செலவு பெரிது. ஆனால் அதை லாபக் கணக்கில் யாரும் பார்ப்பதில்லை. தண்ணீர், கழிவுநீர் மாதிரி இதுவும் ஒரு சேவை, அதற்கு வீட்டுக்காரர் கட்டணம் கட்டுகிறார். வாயு விற்ற காசு செலவைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். "நகரசபைக்குக் காசு வரும்" என்ற வாக்குறுதியோடு தொடங்குவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

தெற்குத்தெரு

குமரன் அண்ணா சொல்வதை அப்படியே தீர்மானத்தில் எழுதட்டும். சேவை, செலவு ஆகும், இவ்வளவு ஆகும் என்று. அப்போது என் எதிர்ப்பில் பாதி போய்விடும்.

மீதிப் பாதி கழிவுத் தண்ணீர். ஈரக்குப்பையில் முக்கால் பங்கு தண்ணீர். வாயு போனபின் அது எங்கே போகும்? எங்கள் தெருக் கிணறுகளில் ஏற்கெனவே தண்ணீர் பழுப்பாக வருகிறது.

செரிகலன்

நியாயமான கேள்வி, பல திட்ட அறிக்கைகளில் இதற்கு ஒரே ஒரு பத்திதான் இருக்கும். செரித்த கூழைப் பிழிந்து திடத்தை உரமாக்குவார்கள். தண்ணீரில் ஒரு பகுதி புதுக்குப்பையைக் கரைக்கத் திரும்பப் போகும். ஆனால் திரும்பத் திரும்ப ஓட்டினால் அதில் உப்பும் அம்மோனியாவும் ஏறி நுண்ணுயிர்களைக் கொல்லும். அதனால் மிச்சத்தை வெளியே எடுத்துச் சுத்திகரித்தே ஆகவேண்டும். சுத்திகரிப்பு நிலையம் இல்லாத திட்டத்துக்கு யாரும் கையெழுத்துப் போடக்கூடாது.

நாற்றமும் அப்படித்தான். செரிகலன் மூடிய தொட்டி, அதிலிருந்து நாறாது. குப்பை இறங்கும் கொட்டகைதான் நாறும். அதைச் சுவரெழுப்பி மூடி, உள்காற்றை உறிஞ்சி வடிகட்ட வேண்டும். டெண்டரில் செலவைக் குறைக்கச் சொன்னால் முதலில் வெட்டுவது இதைத்தான்.

அளவு பற்றியும் ஒரு வார்த்தை. 20, 30 டன் குப்பை வரும் ஊரில் சுத்திகரித்து அழுத்தி வண்டிக்கு ஊற்றும் அளவுக்குப் போவது வீண். சிறிய ஊர்கள் மூன்று நான்கு சேர்ந்து செய்யலாம், அல்லது சந்தையில் தொடங்கலாம். காய்கறிச் சந்தைக் கழிவில் மண்ணும் டயப்பரும் குறைவு.

மண்புழு

சந்தையில் 2005-லேயே தொடங்கினோமே. கோயம்பேட்டில் நாளுக்கு 30 டன் காய்கறிக் கழிவிலிருந்து மின்சாரம் எடுக்கக் கட்டினார்கள். அது எத்தனை காலம் சும்மா நின்றது என்று சந்தை வியாபாரிகளைக் கேட்டுப்பாருங்கள். தொட்டி கட்டப் பணம் கிடைக்கும், பத்து வருடம் பராமரிக்கக் கிடைக்காது. உரக்கூடம் பழுதானால் ஒரு மேஸ்திரி சரிசெய்வார். இதற்கு உதிரிபாகம் எங்கிருந்தோ வரவேண்டும்.

மணிமுத்தாறு

பராமரிப்பு இல்லாமல் போனால் உங்கள் உரக்கூடமும் பூட்டத்தான் செய்யும், மண்புழு. அதில் நாம் ஒத்துப்போக வாய்ப்பில்லை.

பழைய எஸ்.ஐ. ஐயா சொன்னதை வைத்து வார்டு கமிட்டியில் நான்கு விஷயம் கேட்கப்போகிறேன். எடைக்கு உத்தரவாதம் கூடாது. மண், பிளாஸ்டிக் அளவு பார்த்து வாசலிலேயே லாரியைத் திருப்பி அனுப்பும் உரிமை இருக்கவேண்டும், திரும்பியதற்கு யார் பொறுப்பு என்றும் எழுதவேண்டும். மூடிய கொட்டகையும் கழிவுநீர் நிலையமும் முதல் கட்டத்திலேயே வரவேண்டும். ஆலைக்கு ஒரு வருடம் முன்னாலேயே தரம்பிரிக்கும் வேலை தொடங்கவேண்டும்.

பழைய எஸ்.ஐ.

ஐந்தாவதாக ஒன்றைச் சேருங்கள் தம்பி. பிரித்து வாங்கும் தெருவுக்கு ஒரு பணியாளர் கூடுதலாக வேண்டும். தினக்கூலியை நம்பி இதைச் செய்ய முடியாது, நிரந்தரப் பணியிடமாகக் கேளுங்கள். கமிஷனர் நிதி இல்லை என்பார். ஆலைக்காரர் கட்டும் பணம் எவ்வளவோ அதை அப்படியே இதற்கு ஒதுக்கச் சொல்லுங்கள். டன்னுக்கு 125 ரூபாய் என்று தெற்குத்தெரு போட்ட கணக்கையும் கையில் கொண்டுபோங்கள், மீதி எவ்வளவு பொது நிதியிலிருந்து வரவேண்டும் என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.