மெட்டோப்ரோலால் எடுப்பவர் அக்கிக்கு வலசைக்ளோவிர் எடுக்கலாமா?

கேள்வி (மூத்த மகள்)

அப்பாவுக்கு வயது 71. நான்கு வருடங்களுக்கு முன் நெஞ்சுவலி வந்ததிலிருந்து மெட்டோப்ரோலால் (இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் வகை மருந்து) 50 மில்லிகிராம், காலையும் இரவும். நேற்று முன்தினம் இடது விலாவில் எரிகிறது என்றார். நேற்று சட்டையைக் கழற்றிப் பார்த்தால் முதுகிலிருந்து மார்பு வரை, ஒரு பக்கம் மட்டும், கொப்புளங்கள் வரிசைகட்டி நிற்கின்றன. அக்கி என்று மருத்துவர் பார்த்தவுடனே சொல்லிவிட்டார். வலசைக்ளோவிர் என்ற வைரஸ் மருந்து 1 கிராம், மூன்று வேளை, ஏழு நாள்.

இரவு அப்பா கைப்பேசியில் எதையோ தேடியிருக்கிறார். வைரஸ் மருந்து சேர்ந்தால் பீட்டா பிளாக்கர் உடலில் தங்கிவிடும், நாடி விழுந்துவிடும் என்று படித்தாராம். யாரிடமும் சொல்லவில்லை. இன்று காலை மாத்திரைப் பெட்டியைத் திறந்தேன். நேற்றிரவு மெட்டோப்ரோலால் மாத்திரை அதன் அறையிலேயே கிடக்கிறது, பக்கத்தில் இன்று காலை மாத்திரையும். வழக்கமாக 60ஐ ஒட்டி இருக்கும் நாடி இப்போது 94. வலிக்கு வீட்டிலிருந்த இபுபுரூஃபென் கொடுத்து வருகிறேன். அவர் பயந்தது சரியா?

பதில் 1 (ஓய்வுபெற்ற மருந்தாளுநர்)

அம்மா, முதலில் மெட்டோப்ரோலாலைக் கொடுங்கள். இதைப் படித்ததும் ஒரு வேளைக்கான மாத்திரையை மட்டும் கொடுத்துவிட்டு மருத்துவரை அழைத்துச் சொல்லுங்கள். விட்டதற்கும் சேர்த்து இரண்டாகக் கொடுக்கக் கூடாது. நெஞ்சுவலி வந்த மனிதர் பீட்டா பிளாக்கரைத் திடீரென்று நிறுத்தினால், இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த வேகமெல்லாம் இதயத்துக்குத் திரும்பிவிடும். மாரடைப்பு வரை போகக்கூடும். காய்ச்சலும் வலியும் கூட நாடியை ஏற்றும்தான், ஆனால் இரண்டு வேளை விட்டுப்போன பிறகு 94 என்றால் நான் சும்மா இருக்க மாட்டேன். நெஞ்சில் இறுக்கமோ மூச்சுத்திணறலோ தெரிந்தால் நேராக அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

அவர் படித்தது பொய்யில்லை, ஆனால் அது வேறு மருந்தைப் பற்றியது. மெட்டோப்ரோலாலைக் கல்லீரலில் சிஒய்பி2டி6 என்னும் நொதி சிதைக்கிறது. கொரோனாவுக்கு நிர்மட்ரெல்விருடன் தரும் ரிடோனாவிர் முக்கியமாக அடைப்பது 3ஏ4 என்ற இன்னொரு நொதியை என்றாலும், 2டி6ஐயும் ஓரளவு தடுக்கும். அப்போது மெட்டோப்ரோலால் இரத்தத்தில் கூடி நாடி மெதுவாகலாம். வலசைக்ளோவிருக்கு அந்த வழியே வேண்டாம். உடலுக்குள் போனதும் அது அசைக்ளோவிராக மாறி, சிறுநீரகம் வழியாக வெளியேறிவிடும். இரண்டும் ஒன்றையொன்று இடிப்பதில்லை. தாராளமாகச் சேர்த்துக் கொடுக்கலாம். கொப்புளம் தோன்றி 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்ல பலன் என்பதால் அதையும் தள்ளிப்போடாதீர்கள்.

எனக்குக் கவலை அந்த இபுபுரூஃபென் மேல்தான். நீங்கள் கடைசியில் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். அது சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கும், பீட்டா பிளாக்கர் இறக்கி வைத்த இரத்த அழுத்தத்தை மறுபடி ஏற்றும். வலசைக்ளோவிரோ அந்தச் சிறுநீரகத்தை நம்பித்தான் வெளியேற வேண்டும். 71 வயதில் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்த்தார்களா? சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனை கடைசியாக எப்போது எடுத்தது? இபுபுரூஃபெனை நிறுத்துங்கள், வலிக்கு என்ன தரலாம் என்று கேளுங்கள், தண்ணீர் நிறையக் கொடுங்கள்.

பதில் 2 (இதய நோயாளியின் மகன்)

அந்த ரிடோனாவிரை நாங்கள் நேரில் பார்த்தோம். அம்மாவுக்குக் கொரோனா வந்தபோது ஐந்து நாள் கொடுத்தார்கள். அவர் பைசோப்ரோலால் (இதுவும் ஒரு பீட்டா பிளாக்கர்), அம்லோடிபின் (இரத்த அழுத்த மருந்து) இரண்டும் எடுப்பவர். மூன்றாம் நாள் கட்டிலிலிருந்து எழுந்தவர் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். இரத்த அழுத்தம் 92/54. அம்லோடிபினைப் பாதியாகக் குறைத்தார்கள். ரிடோனாவிர் முடிந்த பிறகும் சில நாள் அதன் தாக்கம் இருக்கும் என்று, பழைய அளவுக்கு உடனே திரும்பவிடவில்லை. மருந்துப் பட்டியல் முழுவதையும் யாராவது முன்பே கேட்டிருந்தால் அம்மா அப்படித் தள்ளாடியிருக்க மாட்டார்.

பதில் 3 (ஓய்வுபெற்ற மருந்தாளுநர்)

சரியாகச் சொன்னீர்கள் தம்பி. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். ஹெபடைட்டிஸ் சி-க்கான சோஃபோஸ்புவிர் கலந்த மருந்தும், இதயத் துடிப்பைச் சீராக்கும் அமியோடரோனும் சேர்ந்தால் நாடி அபாயமாக விழலாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2015இல் எச்சரித்தது. கூடவே பீட்டா பிளாக்கர் எடுப்பவர்களுக்கு அந்த ஆபத்து அதிகம். ஆகவே "வைரஸ் மருந்து" என்று பொதுவாகத் தேடாதீர்கள். மருந்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்

ஐயா, உங்கள் பதிலைப் படித்த உடனே மாத்திரையைக் கொடுத்தேன். மாலையில் நாடி 72. மருத்துவர் இரத்தம் எடுத்துப் பார்த்ததில் சிறுநீரகத்தின் வேலைத்திறனைக் காட்டும் கிரியேட்டினின் வெளியேற்றம் 44தான் இருக்கிறது, குறைவு. வலசைக்ளோவிரை இரண்டு வேளையாகக் குறைத்துவிட்டார். இபுபுரூஃபெனுக்குப் பதில் பாராசிட்டமால். அப்பா இப்போது இரண்டு மாத்திரைகளையும் என் எதிரிலேயே விழுங்குகிறார்.

பதில் 4 (ஓய்வுபெற்ற மருந்தாளுநர்)

கேட்கவே நிம்மதியாக இருக்கிறது. ஏழு நாள் முடியும் வரை அவர் பேச்சைக் கவனியுங்கள். சொன்னதையே திரும்பச் சொல்கிறார், இடம் தெரியாமல் தடுமாறுகிறார், தூங்கிக்கொண்டே இருக்கிறார் என்றால் வலசைக்ளோவிர் உடலில் தேங்குகிறது என்று பொருளாக இருக்கலாம். வயதாகிவிட்டது என்று விட்டுவிடாமல் அன்றே அழைத்துச் செல்லுங்கள்.